வெப்பத்தை நிற்க வைத்தல்

'வெப்பநிலை' என்ற சொல்லைப் பள்ளிப் பாடநூலிலேயே கற்றுவிடுகிறோம். அதன் பிற்பாதியான 'நிலை'யைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கரித்தணலின் புகையில் இறைச்சியை மெல்ல வேகவைக்கும் ஸ்மோக்கர் அடுப்பின் முன் ஒரு பகல் முழுவதும் அமர்ந்திருந்தால், கவனம் தானாக அங்கே திரும்பும். கரியைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவருவது எவருக்கும் எளிது. அச்சூட்டை ஓரிடத்தில் நிற்க வைப்பதுதான் கடினம்.

ஹைதராபாத்தில் என்னுடன் ஆய்வு செய்யும் நண்பர் நாகாலாந்தைச் சேர்ந்தவர். அவருடைய ஊர் வீட்டில் அடுப்புக்கு மேலே தொங்கும் பரணில் பன்றி இறைச்சி நாட்கணக்கில் புகையேறிக் காயும். அங்கே வெப்பத்தை ஆள்வது உயரம். தீக்கும் இறைச்சிக்கும் இடையிலான தூரத்தை மாற்றினால் போதும். நகரத்து மொட்டை மாடியில் பரணுக்கு இடமில்லை. ஆகவே ஒரு பட்டறையில் இரும்பு டிரம் ஒன்றைச் செய்வித்தோம்: அடியில் மூன்று காற்றுத் துளைகள், மூடியில் ஒன்று.

இதில் சுவையைத் தாண்டிய கவலை ஒன்றும் இருந்தது. சமையலின் மணத்தால் நண்பர் முந்தைய வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. வீட்டு உரிமையாளர் சொன்னது ஒரே வாக்கியம்: "வாசன வஸ்துந்தி." தெலுங்கில் 'வாசன' எந்த மணத்தையும் குறிக்கும், இப்படித் தனித்து வரும்போது பெரும்பாலும் கெட்ட மணம். தமிழ்க் காதுக்கோ அது பாராட்டு. நம் 'நாற்றமும்' அதே சரிவில் இறங்கிய சொல்தான். பழந்தமிழில் நறுமணத்தைச் சுட்டியது, இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. எனக்கு இவை பொருள் மாற்றத்துக்கான வகுப்பறை எடுத்துக்காட்டுகள். அவருக்கு வாடகை வீடு.

எனவே புகை எப்படி வெளியேறுகிறது என்பதும் எங்கள் கணக்கில் சேர்ந்தது. இறைச்சி இருக்கும் கம்பித்தட்டின் மட்டத்தில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த மிதமான சூட்டில்தான் தசையின் கொலாஜன் மெல்ல ஜெலட்டினாக இளகும். மூடியில் பதித்த வெப்பமானி தட்டின் சூட்டைச் சரியாகச் சொல்லாது. இறைச்சியின் அருகிலேயே ஒன்றை வைக்க வேண்டும். கரி, தனக்குக் கிடைக்கும் காற்றின் அளவுக்கே எரியும். அதனால் கை இருக்க வேண்டிய இடம் கரிக்கூடை அல்ல, காற்றுத் துளை. மேல்துளை எப்போதும் திறந்திருக்கட்டும். கீழ்த்துளையை விரற்கடை அளவு நகர்த்திவிட்டுக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். 120-ஐத் தொட்ட பிறகு மூடிப் பயனில்லை, இரும்பு அதற்குள் சூட்டைச் சேமித்திருக்கும். ஏறிக்கொண்டிருக்கையில் 100-லேயே குறைக்கத் தொடங்குவது நல்லது. மூடியைத் திறந்து பார்த்தால் முள் இறங்கும். ஆனால் உள்ளே புகுந்த காற்றால் தணல் கனன்று, மூடிய சற்று நேரத்தில் முன்னிருந்ததைவிட மேலே போகும்.

சூடு மிகுந்தால் எல்லாத் துளைகளையும் அடைக்கவே மனம் விரையும். மூச்சுத் திணறும் தீ அடர்ந்த வெண்புகையைக் கக்கும். இறைச்சியில் கசப்பு ஏறும், பக்கத்து மாடியில் உலரும் துணியிலும் படியும். பெருந்தீயை நெரிப்பதைவிடச் சிறுதீயைத் தாராளமாக மூச்சுவிட வைப்பதே வழி. பற்றவைக்காத கரியை நிரப்பி, மேலே சில கங்குகளை மட்டும் வைத்தால் நெருப்பு மெல்லக் கீழிறங்கும். ஜிம் மினியன் என்ற அமெரிக்கர் பெயரால் வழங்கும் முறை இது. அக்கங்குகள் சாம்பல் போர்த்தியிருக்க வேண்டும். அடங்கிய சினத்துக்கு உவமையாக நாம் சொல்லும் 'நீறு பூத்த நெருப்பு' இங்கே நேர்ப்பொருளில் ஓர் அளவுகோல். தணலுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு தட்டம் தண்ணீர் வைத்தால், அது கொதிநிலையைத் தாண்டாமல் சூட்டின் ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ளும். இவையெல்லாம் ஒத்துவந்தால் மெல்லிய நீலப்புகை மட்டும் எழும்.

இறைச்சியின் உட்சூடு 65-க்கும் 75-க்கும் இடையில் எங்கோ மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி, வியர்வை உடலைக் குளிர்விப்பதுபோல் அதைக் குளிர்விக்கிறது. அப்போது தீயைக் கூட்டாமல் இருக்க வேண்டும். ஈரம் குறைந்ததும் தானே ஏறி, 93 அளவில் நார் நாராகப் பிரியும். அந்தத் தேக்கத்தின் நடுவில் நண்பரின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது? நாங்கள் டிகிரியில் பதில் சொன்னோம். சற்று நேரம் அமைதி. பிறகு, "புகை கண்ணை எரிக்கிறதா?" என்றார். இல்லை என்றதும் "அப்படியானால் சரி" என்று வைத்துவிட்டார். எங்கள் இரண்டு வெப்பமானிகளும் சொல்லாததை அந்தக் கேள்வி அளந்துவிட்டது.

முயல விரும்புவோர் திறந்த வெளியில் மட்டும் முயலுங்கள். கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறையில் உயிரை எடுக்கும்.

அன்று எவரும் புகார் சொல்லவில்லை. புகையின் தூய்மைக்கு இதைச் சான்றாகக் கொள்ள ஆய்வாளனாக எனக்குத் தயக்கம். தெருமுனைக் கபாப் கடையின் கரிப்புகை நாள்தோறும் மாலையில் எங்கள் சன்னல்வரை வருகிறது, எங்கள் டிரம்மைவிடப் பன்மடங்கு அடர்த்தியாக. அதை இத்தெருவில் யாரும் இதுவரை 'வாசன' என்று சொல்லி நான் கேட்டதில்லை.