ஒன்பதாவது பிளாப்பி

1996, மதுரை. வீட்டு முன்னறைதான் கடை. ஒரு 486 கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். இரண்டையும் வாங்கப் போன அம்மாவின் வளையல் இன்னும் அடகுக் கடையில். தங்கை டைப் அடிப்பாள், அண்ணன் மற்ற வேலைகளைப் பார்ப்பான்.

“விண்டோஸ் 95 இருக்காக்கா?” என்று கேட்டுவிட்டு, எதிர்க்கடைக்குப் போகும் மாணவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். தங்கைக்கு வேறு ஆசை. பழைய விண்டோஸில் கோப்புக்கு 8 எழுத்துப் பெயர்தான். ஜல்லிக்கட்டைப் பற்றி ஒரு மாணவர் எழுதிய ஆய்வேட்டுக்கு, ஆங்கிலத்தில் 10 எழுத்து வரும் பெயரை வெட்டி ‘ஜல்லிகட்’ என்று வைத்திருந்தாள். புதியதில் முழுப்பெயரும் வைக்கலாமாம்.

ஆய்வேட்டை மறுநாள் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின ராத்திரியா இந்த வேலை? ஆனால் 13 பிளாப்பிகள் கொண்ட பெட்டி கைக்கு வந்தபின் அண்ணனுக்குப் பொறுமை இல்லை.

ஒவ்வொன்றாகப் போட்டு, கர்கரவென்ற சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவதில் நின்றது. எடுத்துத் துடைத்து, ஊதி, மறுபடி போட்டாலும் அதே பிழைச் செய்தி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் டாஸ் மட்டும் வந்தது. பழைய விண்டோஸ் திறக்கவில்லை. ஆய்வேடு உள்ளே இருக்கிறது, திறக்க வழியில்லை.

“அண்ணே, அம்மாகிட்ட சொல்லாதண்ணே” என்றாள்.

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் கதவைத் திறந்தபோது மணி பத்தரை. பெட்டியைப் பார்த்ததும், “பிளாப்பி மேல தப்பில்லப்பா, உன் டிரைவ் பழசு” என்றார். சாதாரண பிளாப்பியில் 1.44 எம்பி. இந்தப் பெட்டியில் முதல் பிளாப்பி தவிர மற்றவற்றில் 1.68 எம்பி வரை நெருக்கி அடைத்திருந்தார்கள். ஒரு சுற்றுக்கு 18 பகுதிகள் இருக்க வேண்டிய இடத்தில் 21. தேய்ந்த டிரைவ் அதில் தடுமாறும். தன் டிரைவையே கழற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு யோசனையும்: “நேரா இன்ஸ்டால் பண்ணாத. 13-ஐயும் முதல்ல ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணு. எது படிக்கலைன்னு அப்பவே தெரிஞ்சுடும்.”

அவசரத்தில் அண்ணன் ரிப்பன் கேபிளைத் திருப்பி மாட்டிவிட்டான். டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்தது. தங்கைதான் கேபிளின் சிவப்புக் கோட்டைக் கவனித்துத் திருப்பச் சொன்னாள்.

இந்த முறை ஒன்பதாவது பிளாப்பி சத்தமில்லாமல் உள்ளே போனது. பத்து, பதினொன்று... பதிமூன்றும் முடிந்தபின் ஹார்ட் டிஸ்கிலிருந்தே இன்ஸ்டால் ஓடியது. அதற்குள் அண்ணன் பெஞ்சிலேயே தூங்கிவிட்டான்.

விடியற்காலை. வாசலில் கோலம் போட வந்த அம்மா, முன்னறையில் விளக்கு எரிவதைப் பார்த்து எட்டிப் பார்த்தார்.

“என்னடி, இன்னும் படுக்கலையா?”

“முடிஞ்சதும்மா” என்றாள். ஆய்வேடு திறந்திருந்தது. வெட்டியிருந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து அதற்குப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தாள்.