ஓதியதோடு நின்ற இரவு

தைராய்டு சுரப்பியை முழுமையாக அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். இஷாத் தொழுகைக்குப் பின், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போவதாக என் மனைவி கூறினார். சற்று நேரத்தில் தஸ்பீஹ் மணியைப் பற்றியிருந்த விரல்கள் இறுகிக் கூம்பின. கண்ணேறு என்றார் உறவினர் ஒருவர். மத்ரஸாவில் பாடம் நடத்தும் நானும் தண்ணீரில் ஓதிக் கொடுத்துவிட்டு, விடியட்டும் என்றிருந்துவிட்டேன்.

ஃபஜ்ருக்குப் பின் மருத்துவமனைக்குச் சென்றோம். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கியதும் அவர் கை மீண்டும் கூம்பியது. மருத்துவர் உடனே புரிந்துகொண்டார். இரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமே இருந்தது, ஏறத்தாழ 8.5க்குக் குறையலாகாது. தைராய்டை ஒட்டியுள்ள நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகளே அந்த அளவைக் காப்பவை. அறுவையின்போது அவை பாதிக்கப்பட்டால் கால்சியம் சரியும். கவனியாவிட்டால் வலிப்பும் இதயத் துடிப்பில் கோளாறும் நேரலாம்.

இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி, கால்சியம் குளூக்கோனேட் மருந்தை நரம்பு வழியே மெல்லச் செலுத்தினர். விரல்கள் தளர்ந்தன, அல்ஹம்துலில்லாஹ். பின்னர் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி மருந்தும் தொடர்ந்தன.

ஓதியது பிழையன்று, ஓதியதோடு நின்றதே பிழை. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான். அவ்விரவு என் வீட்டில் அதை மறந்தேன்.

கழுத்தில் இத்தகைய அறுவை செய்துகொண்டவர் மரத்துப்போகிறது என்றால், விடியும்வரை காத்திராதீர்கள். உடனே புறப்படுங்கள், துஆவை வழியில் ஓதிக்கொள்ளலாம்.