விற்றுப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த பெரியவர், ஒரு வீட்டையேனும் விற்றுப் பார்த்தவரல்லர் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். பார்த்திருந்தால், அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார். கட்டுகிறவன் கையிலுள்ள பணத்தோடு மட்டுமே போராடுகிறான். விற்கிறவனோ தன்னோடு தானே போராட வேண்டியிருக்கிறது.

நமது தகப்பனார் 1979-ஆம் வருஷம் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நாட்டு ஓடு வேய்ந்த வீடு ஒன்றை விலைக்கு வாங்கினார். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லையில் கிணறு, அதைச் சுற்றிப் பத்துத் தென்னை. அவ்வளவும் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிச் சேர்த்த பணம். 2011-ல் அவர் காலமானார். 2014-ல் தாயாரைத் தஞ்சாவூருக்கு நம்மோடு அழைத்து வந்தோம். அன்று பூட்டிய பூட்டைத் திறக்க வருஷத்திற்கு ஒரு முறை போனாலே அதிகம். தாயாரும் மறைந்த பிறகு அந்தச் சாவி நமது மேஜை அறையில் தூங்கிக் கொண்டிருந்தது.

கோயமுத்தூரில் வாழும் நமது தங்கையின் பெண் 2024-ல் கல்லூரியில் சேர்ந்தாள். சில தினங்கள் கழித்துத் தங்கை டெலிபோனில், "அண்ணா, அந்த வீட்டை என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் பையன்களுக்குப் பாடம் சொல்லும் நமக்கு, கேள்வியின் உட்பொருளை அறிய அதிக நேரம் பிடிக்கவில்லை. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயார்ஜித சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அவளுக்கு நியாயம் உண்டு. விற்பது என்று தீர்மானித்தோம்.

தீர்மானித்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. குளிர்காலம் என்றதும் நேயர்கள் இமயமலைப் பனியை நினைத்துக் கொள்ள வேண்டாம். காவிரிப் பாசன நாட்டில் குளிர் என்பது ஈரத்தின் மறு பெயர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. தமிழ் நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையச் சரிபாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவ மழையாகவே பெய்கிறது. அந்த மழையில் நனைந்த வீடு மார்கழிப் பனியில் உலராமல் நிற்கும். மார்கழியில் நம்மவர்கள் வீட்டுக் கிரயம் பேசுவதில்லை. தை பிறந்தால் வருவார்கள். ஆகையால், விற்கிறவனுக்கு மார்கழி என்பது திரை தூக்குவதற்கு முன் நாடகக்காரனுக்குக் கிடைக்கும் அரை மணி நேரம் போன்றது. வேஷம் முழுவதையும் அதற்குள் போட்டு முடிக்க வேண்டும்.

பத்திரங்களைத் தேடி எடுப்பது முதல் வேலை. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பெற்றோர் இருவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. அதைப் பற்றி விஸ்தரித்து நேயர்களின் பொறுமையைச் சோதிக்க மாட்டோம். காகிதத்தில் வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. குறை சுவரில் இருந்தது.

அரைப் பரீட்சை விடுமுறையில் கொத்தனாரை அழைத்துக் கொண்டு போனோம். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, வடிகட்டி, சிறிது நீலமும் பசையும் கலந்து, மட்டையால் இரண்டு பூச்சு அடித்ததும் கூடம் பழைய கூடமாகிவிட்டது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கொண்டுதான் மறுபடியும் கல்லாகிறது. அது மெள்ள நடக்க வேண்டிய காரியம். கொஞ்சம் ஈரமும் வேண்டும். சித்திரை வெயிலில் அவசரமாகக் காய்ந்த பூச்சு கையில் மாவாக ஒட்டும். மார்கழிக் குளிரில் அடித்த பூச்சோ சுவரைப் பிடித்துக் கொள்ளும். இந்த மட்டில் பருவம் நமக்கு அனுகூலமாகவே இருந்தது.

ஆனால் இரண்டாங்கட்டின் கொல்லைப்புறச் சுவர் சுண்ணாம்பை ஏற்கவில்லை. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்திற்கு ஈரம். அதன் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தொட்டால் காரை உதிர்ந்தது.

காரணம் நமக்குத் தெரியும். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறியபோது அந்தப் பக்கத்துத் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அவற்றில் ஒன்று நமது வீட்டு இரண்டாங்கட்டின் மேல் விழுந்தது. பத்து நாள் கழித்துப் போய், ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, ஓடு மாற்றுவதற்கு ஆள் ஏற்பாடு செய்து பணம் அனுப்பினோம். வேலை எப்படி நடந்தது என்று பார்க்கவில்லை. உடைந்த ஓடுகள் யாவும் சுவரோரச் சாக்கடையில் கிடந்தன. கூரைத் தண்ணீர் போக வழியின்றி ஆறு மழைக்காலம் சுவரடியில் தேங்கி நின்றது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலச் செங்கல்லின் நுண்ணிய துளைகளின் வழியே தண்ணீர் மேலே ஏறியது. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு இதை விளக்குகிறவர் வேறு யாருமல்லர், நாமேதான்.

கொத்தனார் ஒரு யோசனை சொன்னார். "ஐயா, மேலே சிமெண்டு பூசிப் பெயிண்டு அடித்துவிடலாம். ஒரு வருஷத்திற்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, உப்பு பூச்சைத் தள்ளிவிடும். அதற்குள் வீடுதான் கைமாறியிருக்குமே!"

தரகருக்கு அவ்வளவு செலவும் அநாவசியமாகப் பட்டது. "அந்த மர பீரோவை அங்கே நகர்த்தி வையுங்கள், ஸார்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பீரோவில் மறைக்கலாம் என்று அன்றுதான் அறிந்தோம்.

வெட்கத்தை விட்டு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பீரோவை நகர்த்தினோம். நாமும் தரகருமாகச் சேர்ந்துதான் நகர்த்தினோம். சரியாகவே பொருந்தியது.

மறு நாள் தங்கை வந்து சேர்ந்தாள். பரண் மேலிருந்த பாத்திரங்களை இறக்கும்போது, தகப்பனாரின் கணக்கு நோட்டுக்கள் ஒரு தகரப் பெட்டியில் அகப்பட்டன. அவள் விளக்கின் கீழ் உட்கார்ந்து புரட்டத் தொடங்கினாள். ஆனி மாதந்தோறும் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: 'ஓடு மாற்றக் கூலி. சாக்கடை தூர் வாரிய கூலி.' 1980 முதல் 2010 வரை முப்பத்தொரு ஆனி மாதங்கள். நமது கல்லூரிச் சம்பளத்திற்குக் கடன் வாங்கிய வருஷத்திலும் அந்த வரி இருந்தது. அவளுடைய கல்யாண வருஷத்திலும் இருந்தது.

அவள் நோட்டை மூடிவிட்டு, "அந்தச் சுவரடியில் பீரோ எப்போது வந்தது, அண்ணா?" என்று கேட்டாள்.

விஷயத்தைச் சொன்னோம். சுவரைக் காட்டினால் விலை லக்ஷம் ரூபாயாவது குறையும் என்பதையும் சொன்னோம். அவளுக்கு அந்த லக்ஷம் எவ்வளவு அவசியம் என்பது நமக்குத் தெரியும். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவையும் எடுத்துச் சொன்னோம். விற்கிறவனுக்குத் தெரிந்து, வாங்குகிறவன் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை எதுவானாலும், விற்கிறவன் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம்.

"சட்டம் கிடக்கட்டும். அப்பா இந்த வீட்டை நம்மிடம் கொடுத்தபோது அந்தச் சுவர் நன்றாகத்தானே இருந்தது?" என்றாள் அவள்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. அதுவரையில் அதை வீட்டின் குறை என்றே பேசி வந்தோம். வீட்டின் மேல் குற்றமில்லை. வருஷத்திற்கு இரண்டு நாள் கூலியை மிச்சம் பிடித்து, நாமே அந்தக் குறையை உண்டாக்கியிருந்தோம். சுவரில் பூத்திருந்தது நமது அசிரத்தை.

மறு நாள் காலையில் பீரோவைப் பழைய இடத்திற்கே தள்ளினோம். சாக்கடையைத் தூர் வாரி, சரிந்திருந்த ஓடுகளை அடுக்கச் சொன்னோம். உப்பேறிய காரையை உதிர்த்துவிட்டு, இடுப்பளவு வரை செங்கல்லை வெறுமனே விட்டோம். மூச்சு விட வழி கிடைத்தால், இரண்டு கோடையில் சுவர் தானாகவே உலர்ந்துவிடும். பிறகு சுண்ணாம்புக் காரை பூசிக் கொள்ளலாம் என்றார் கொத்தனார். இந்த யோசனையும் அவரிடம் முன்பே இருந்ததுதான். நாம் கேட்கவில்லை, ஆகையால் அவர் சொல்லவில்லை.

தை மாதம் மூன்றாம் வாரத்தில், சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் உழைத்துத் திரும்பிய ஒருவர், மனைவியோடும் மாமியாரோடும் வீடு பார்க்க வந்தார். தரகர் கூடத்தின் அழகை வர்ணித்துக் கொண்டிருக்கையில், நாம் அவர்களை நேரே கொல்லைச் சுவரண்டை அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னோம். தரகரின் முகம் போன போக்கை வர்ணிக்க நமது பேனாவுக்குச் சக்தியில்லை. அந்த மூதாட்டி செங்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "தண்ணீர் நின்றுபோனால் காய்ந்துவிடும்" என்றார். ஆனாலும் மருமகப்பிள்ளை கணக்கு விடவில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தம் தலையில் விழுவதை எடுத்துக் காட்டி, இருபத்தாறு லக்ஷத்திலிருந்து ஒரு லக்ஷம் குறைத்தார். ஒப்புக் கொண்டோம்.

அந்த லக்ஷத்தை நமது பங்கிலேயே கழித்துக் கொள்வதாகத் தங்கையிடம் சொன்னோம். சாவி நம்மிடம் அல்லவா இருந்தது! அவள் இசையவில்லை. "சாவி உன்னிடம் இருந்தது, வாஸ்தவந்தான். 'போய்ப் பார்த்தாயா' என்று நானும் ஒரு நாள் கேட்கவில்லையே, அண்ணா! பாதிப் பாதி" என்று முடித்துவிட்டாள். பிறந்த வீட்டில் அவள் கேட்டு வாங்கிக் கொண்ட கடைசிப் பங்கு அதுதான்.

மாசி பிறப்பதற்கு முன் பத்திரம் பதிவாயிற்று. சாவியைக் கொடுத்தபோது, வருஷந்தோறும் ஆனியில் ஓடு மாற்றி, சாக்கடையையும் தூர் வார வேண்டும் என்று அந்த அம்மாளிடம் சொல்லி வைத்தோம். நோட்டுக்களை மாத்திரம் கொடுக்கவில்லை.

வெளியூரில் பூட்டிய வீடு வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. விற்கிற எண்ணம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை போய்க் கூரையையும் சாக்கடையையும் பார்த்துவிட்டு வாருங்கள். வருஷந்தோறும் அப்படிப் பார்த்து வந்தால், மார்கழியில் பீரோ நகர்த்த வேண்டிய அவசியம் வராது.