கும்பிடு பூச்சியின் நிறம்

அடையாற்றங்கரைத் தோட்டங்களிலும் மயிலை வீட்டு வேலிகளிலும் முன்கால்களைக் கூப்பி நிற்கும் சிற்றுயிர் ஒன்று உண்டு. அதனைக் கும்பிடு பூச்சி என்பர். கூப்பிய அக்கால்கள் இரையைக் கவ்வும் முள்வாள்கள். பெயரிட்டோர் அதன் பசியை நோக்கினார் அல்லர்!

அவற்றுள் சில பச்சை, சில பழுப்பு. இந்நிறம் பெற்றோர்வழி வந்ததோ? சூழல் தந்ததோ? மாணவர் ஆராய்தற்கு இதனினும் நல்ல வினா அரிது.

1910-ஆம் ஆண்டில் மார்கன் என்னும் அமெரிக்க அறிஞர், வெண்விழி கொண்ட பழ ஈ ஒன்றைக் கொண்டு, அப்பண்பு எக்ஸ் குரோமோசோமோடு இணைந்து வருதலைத் தெளிவித்தார். அவ்வீ ஏறத்தாழ 12 நாளில் ஒரு தலைமுறையை முடிக்கும். கும்பிடு பூச்சிக்கோ பல திங்கள் வேண்டும். கூடும்பொழுதே பெண் ஆணைத் தின்றுவிடுதலும் உண்டு. ஆதலின், ஒரே முட்டைக்கூட்டிற் பிறந்த குஞ்சுகளை இரு பாதியாக்கி, ஒன்றைப் பசுந்தழையிடையும் மற்றொன்றை உலர்சுள்ளியிடையும் வளர்த்தலே பள்ளிக்கு ஏற்ற வழி. ஈரமும் ஒளியும் இரண்டிற்கும் ஒத்திருத்தல் வேண்டும். அவை ஒன்றையொன்று தின்னுமாதலின் குஞ்சுக்கு ஒரு புட்டி தேவை. வாழைப்பழத் தோலில் மொய்க்கும் ஈக்களே முதலுணவு. கிண்டிப் பூங்காவில் முட்டைக்கூடு எடுத்தல் சட்டத்திற்கு மாறானது. வீட்டுத் தோட்டமே போதும்.

தோலுரிக்குந்தோறும் நிறத்தைக் குறித்தல் வேண்டும். இறந்தனவற்றையும் எழுதுதல் வேண்டும்; மறைப்பின் கணக்குப் பொய்த்துவிடும். குஞ்சுகள் தத்தம் சூழலின் நிறத்தைக் கொள்ளின், சூழலே காரணம் எனலாம். இரு பாதியிலும் பச்சையும் பழுப்பும் கலந்தே வரின், மரபை ஐயுறலாம். அதனைத் துணிதற்கு அடுத்த தலைமுறையையும் வளர்த்தல் வேண்டும்.