மலாயாவுக்கு வந்த தலைமையாசிரியர்



ஆபிரகாம் லிங்கனைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம் பாட்டன்மாரைக் கங்காணியிடமிருந்து விடுவித்தவர் யார்?" என்று வினவினான். குளுவாங், கூலாய், சிகாமட் என ஜொகூரின் தோட்ட லயங்களில் வாழ்ந்தோரின் வழிவந்த பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

சஞ்சிக்கூலி முறையை அறவே ஒழிக்குமாறு 1912இல் வைசிராயின் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. அலுவல்சாரா இந்திய உறுப்பினர் 22 பேரும் ஆதரித்தனர். ஆயினும் அது தோற்றது. மலாயாவில் அம்முறை 1910இலேயே முடிவுக்கு வந்திருந்தது. ஆனால், கங்காணி முறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒப்பந்தம் இல்லை, கடன் இருந்தது. ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்த கங்காணிக்கு, வேலைக்கு இறங்கிய ஒவ்வொருவர் பெயரிலும் "தலைக்காசு" கிடைத்தது. அழைத்து வந்தவனே மேற்பார்வையாளனுமானால் ஏழை யாரிடம் முறையிடுவான்?

கோகலேக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவரானவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். 1869இல் வலங்கைமானில் பிறந்தவர். அரசியலுக்கு வருமுன் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர். (நம் தொழில்காரர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு!) இந்திய அரசு 1936 இறுதியில் அவரை மலாயாவுக்கு அனுப்பிற்று. கங்காணிவழி ஆள்சேர்ப்பை நிறுத்த வேண்டும், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த பழைய நாட்கூலியை மீண்டும் வழங்க வேண்டும் என 1937இல் வெளிவந்த அவரது அறிக்கை பரிந்துரைத்தது.

இது போதாது என்று இங்கிருந்த இந்தியத் தலைவர்கள் பலர் குறைகூறினர். அவர்கள் பக்கம் நியாயம் உண்டென்றே நான் எண்ணுகிறேன். சாஸ்திரியார் மிதவாதி, ஆட்சியாளரைக் கடிந்துரைக்காத நா அவருடையது. பால்வெட்டில் ஆணுக்கு நிகராக நின்ற பெண்ணுக்கு 10 காசு குறைவு என்பதும் அப்படியே நின்றது. எனினும் கங்காணியின் வேரில் கைவைத்த அறிக்கை அது என்பதை மறுக்க இயலாது.

1938இல் முதலாளிமார் மீண்டும் கூலியைக் குறைக்க முனைந்தபோது, உதவித்தொகையுடன் தொழிலாளரைக் கப்பலேற்றுவதை இந்திய அரசு தடைசெய்தது. கங்காணிவழிக் குடியேற்றம் அத்துடன் நின்றது. ஆனால், முன்பே வந்தவர்கள் லயங்களிலேயே இருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்நின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது.