ராணி பாராத கடிகாரம்

ஜெருஸலம் நகருக்குச் செல்கிறவர்கள் கோட்டை மதிலுக்குள் இருக்கும் புண்ணிய ஸ்தலங்களைத் தரிசியாமல் திரும்புவதில்லை. நாமும் தரிசித்தோம். ஆயினும் அவ்வளவு தூரம் நம்மை இழுத்துச் சென்றது ஒரு சட்டைப்பைக் கடிகாரம் என்பதை நேயர்களிடம் மறைப்பானேன்?

புது நகரில், பால்மாக் வீதியில், எல். ஏ. மேயர் பொருட்காட்சிசாலை இருக்கிறது. இஸ்லாமியக் கலைப் பொருள்களுக்காக 1974-ல் திறக்கப்பட்டது. அங்கே பலத்த காவலுள்ள ஓர் அறையில், கண்ணாடிக்குப் பின்னால், 160-ம் நெம்பர் கடிகாரத்தைக் கண்டோம். செய்தவர் பாரிஸில் தொழில் நடத்திய ஆப்ரஹாம் லூயி ப்ரெகே.

பிரான்ஸ் தேசத்து ராணி மரீ அந்த்வானெத்துக்காக 1783-ல் இதற்கு உத்தரவு வந்தது. அவளுடைய மெய்காப்புப் படையைச் சேர்ந்த ஒருவர் கொடுத்தார் என்பார்கள். அக்காலத்தில் தெரிந்த நுட்பங்கள் யாவும் இருக்க வேண்டும். கூடிய இடமெல்லாம் வேறு உலோகத்துக்குப் பதில் பொன்னே வேண்டும். செலவுக்கும் காலத்துக்கும் வரையறை இல்லை. எந்தத் தொழிலாளியிடமும் இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லக் கூடாது போலும்! வேலை முடிய 44 வருஷங்கள் ஆயின. ஆனால் குற்றம் ப்ரெகேயுடையதன்று. இடையில் புரட்சி வந்தது. அவரே பாரிஸை விட்டு வெளியேற நேர்ந்தது. 1793 அக்டோபர் 16-ல் ராணி கில்லட்டினுக்கு இரையானாள். 1823-ல் ப்ரெகேயும் காலமானார். அவருடைய ஸ்தாபனத்தார் 1827-ல் பூர்த்தி செய்தார்கள்.

முகப்பு ஸ்படிகத்தால் ஆனதால் உள்ளே சக்கரங்கள் தெரிகின்றன. உறுப்புக்கள் 823. நாள், மாதம், உஷ்ணநிலை எல்லாம் காட்டும். சூரியனுடைய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லும். இருட்டில் அழுத்தினால் மணியும் நிமிஷமும் ஒலித்துத் தெரிவிக்கும். சாவியே வேண்டியதில்லை. பையில் போட்டுக்கொண்டு நடந்தால் அந்த அசைவிலேயே முறுக்கேறும். உடைமைக்காரர் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த உடைமைக்காரர் யார் என்பதில்தான் ரஸம் இருக்கிறது. ப்ரெகே ஸ்தாபனத்தார் விற்ற கடிகாரங்களின் நெம்பர், வாங்கியவர் பெயர், பழுது பார்த்த விவரம் ஆகியவற்றைப் பேரேடுகளில் பதிந்து இன்றளவும் பாரிஸில் பாதுகாத்து வருகிறார்கள். பழங்கடிகாரம் சேகரிப்போர் முதலில் நாடுவது அவற்றைத்தான். 1838-ல் லா க்ரோய் பிரபு இக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். சிறு வயதில் ராணியின் அரண்மனையில் ஏவலராக இருந்தவர் அவர். திரும்பி வந்து வாங்கிக்கொள்ளவேயில்லை! 1887-ல் ஸ்பென்ஸர் பிரன்டன் என்ற ஆங்கிலேயருக்கு ஸ்தாபனம் இதை விற்றது. 1917-ல் ஸர் டேவிட் ஸாலமன்ஸ் லண்டனில் வாங்கினார். இங்கிலாந்தில் மோட்டார் வண்டிக்காக முதலில் வாதாடியவர்களில் ஒருவர் அவர். ப்ரெகே கடிகாரம் என்றால் அவருக்குப் பித்து. அவர் மகள் வீரா தமது ஆசிரியரான பேராசிரியர் மேயரின் பெயரால் காட்சிசாலையை ஸ்தாபித்ததால், பாரிஸ் கடிகாரம் இங்கே வந்து சேர்ந்தது.

1983 ஏப்ரல் 15-ம் தேதி இரவு, எச்சரிக்கை மணி பழுதாகிக் கிடந்த சமயம், திருடன் சிறு ஜன்னல் வழியாக நுழைந்து 106 கடிகாரங்களைக் கொண்டுபோய்விட்டான். நாமான் டில்லர் என்ற அவன் ஒருமுறையும் இதை ஊரறியப் பையில் போட்டு நடந்திருக்க முடியாது. 2004-ல் இறக்கும் தறுவாயில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னானாம். 2006-ல் டெல் அவீவ் வக்கீல் ஒருவர் மூலம் செய்தி வந்தது. காட்சிசாலையார் போய்ப் பார்த்தபோது, காகிதப் பெட்டிகளில், மஞ்சளித்த பழைய பத்திரிகைத் தாள்களில் சுற்றி 39 உருப்படிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று 160. மீட்க 35,000 டாலர் கொடுத்தார்கள். திருட்டுச் சொத்துக்குப் பணமா என்று நமக்கும் தோன்றிற்று. அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போயிருக்கலாம் என்று நினைத்தபோது வாயடைத்தது.

பின்னர் 2008-ல் பிரான்ஸில் பாங்குப் பெட்டகங்களிலிருந்து 43 கிடைத்தன. மொத்தம் 96 மீண்டன. எந்தப் பேரேட்டிலும் அந்த 23 வருஷங்களுக்கு ஒரு வரி கிடையாது. காவலர் நேரமாயிற்றென்று ஜாடை காட்டினார். நாம் வெளியே வரும்போது எண்ணியது 160-ஐப் பற்றியல்ல. இன்னும் எவர் வீட்டுப் பெட்டியிலோ தாள் சுற்றிக் கிடக்கும் மற்றப் பத்தைப் பற்றித்தான்.