மனுவுக்கு ஒரு காரணம் எழுது, மகளே

திருவையாறு

அன்பு மகள் கயல்விழிக்கு,

சித்தப்பா எழுதுவது. கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கான ஆணை உன் கைக்கு வந்துவிட்டதாக அண்ணன் சொன்னதும், உன் சித்தி தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டாள். போனில் வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டேன். மனசில் இருப்பதை எழுதினால்தான் சரிவரும்.

நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே பழகியவன். எங்களுக்கு அரசாங்கம் என்றால் கோட்டை இல்லை, பயிர் விவரம் எழுதிய அடங்கலைக் கொடுக்கிற ஆள்தான். அந்தத் தாள் இல்லாமல் பயிர்க்கடன் வாங்க முடியாது, காப்பீடு செய்ய முடியாது, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே!

நம் வயலுக்கு வரும் வாய்க்காலை ஒருவர் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டார். கிராம அலுவலகத்தில் சொல்லியும் நடக்காததால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமே மனு கொடுத்தேன். மனு வட்டாட்சியருக்குப் போய், வருவாய் ஆய்வாளருக்கு இறங்கி, கடைசியில் எங்கே வந்தது தெரியுமா? யார் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தேனோ, அவர் மேசைக்கே அறிக்கை கேட்டு வந்தது. ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது’ என்று எனக்குத் தகவல் அனுப்பினார்கள். மண் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

முடியாது என்று காரணத்தோடு எழுதியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், மேல்முறையீடு செய்திருப்பேன். நம்பிக்கை போயிருக்காது. காரணமில்லாத பதில்தான் அதைக் கெடுக்கிறது. அப்புறம் ஊரில் யாரும் சட்டத்தைத் தேடுவதில்லை, ஆளைத்தான் தேடுகிறார்கள். கட்சிக்காரரும் தரகரும் நடுவில் வந்து உட்காருவது இப்படித்தான்.

தாத்தா காலத்தில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் பரம்பரைப் பதவி. கணக்கு அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும், அதைக் கேட்க யாருக்கும் வாய் வராது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. பதவி இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 1982-இல் உச்ச நீதிமன்றம் அரசு செய்தது செல்லும் என்றது. நீ தேர்வெழுதி இந்த நாற்காலிக்கு வர அதுதான் வழிவிட்டது. ஆள் மாறினால் போதாது, பெட்டியையும் திறக்க வேண்டும்.

திறந்து காட்டியவர்களும் உண்டு. சென்னையில் பிறந்த அருணா ராய் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போனார். அங்கே அவரும் தோழர்களும் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 கடைசியில் ஊர் நடுவே பஞ்சாயத்து வேலைக் கணக்குகளை உரக்க வாசித்தது. கூலி வாங்கியதாகப் பட்டியலில் இருந்தவர்களே எழுந்து, வாங்கவில்லை என்றார்கள். அந்தக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-இல் அங்கே பியாவரில் 40 நாள் தர்ணா நடந்தது. அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாக 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 10 ரூபாய் கட்டினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. வருஷத்துக்கு ஆறு கிராம சபை என்று ஆக்கியும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு. அந்தச் சலிப்பை உன் ஊரில் நீ போக்க முடியும்.

10 ரூபாய் கட்டிக் கேட்கட்டும் என்று காத்திருக்காதே. வருகிற மனுவுக்குத் தேதி போட்டு ஒப்புகைச் சீட்டு கொடு. புகார் உன் மேலேயே இருந்தால், வேறொருவரை விசாரிக்கச் சொல்லி மேலே எழுது. இடத்தைப் போய்ப் பார்க்காமல் எதையும் முடிக்காதே. முடியாத காரியத்தை முடியாது என்றே சொல், ஏன் என்றும் எழுது. ஊர் உன்னைத் திட்டலாம். ஆனால் அடுத்த தடவையும் தரகரைத் தேடாமல் உன்னிடமே வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பொறுப்பேற்றதும் எந்த ஊர் என்று எழுது.

அன்புடன்,
சித்தப்பா